முதல் வியாபாரத்துக்கு வந்தவள்

கொடிகாமம் சந்தைக்கு எதிரே நின்ற பூவரச மரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஜெபரட்ணம் காத்துக்கொண்டு நின்றான். வீதிக்கு அப்பால், முருகேசுவின் கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஒரு கிழவர் புகையிலையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். மற்றவன் மண்ணெண்ணெய்ப் போத்தலின் கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மாசி மாத வெயில் ஒன்பது மணிக்கே வெள்ளை மணலில் கண்ணைக் குத்தியது.

ஆட்கள் நிற்கும்போது கடைக்குள் நுழையக் கூடாது. முதலாளியின் மனம் சில்லறையில் இருக்கும். கடைசி ஆள் படி இறங்கியதும் உடனேயும் போகக் கூடாது. அவர் ஒருமுறை வெற்றிலை போட்டு, சாய்ந்து உட்காரும்வரை பொறுக்க வேண்டும். கொழும்பு மருந்துக் கம்பெனி அனுப்பிய பன்னிரண்டு பக்க அறிவுரையில் இவையெல்லாம் இருந்தன. யாழ்ப்பாணத்துச் சரக்குக் கிட்டங்கியின் மனேச்சர் ஹெக்டர், மற்ற ஏசண்டுமாருக்காக அதைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டபோது, ஜெபரட்ணம் இரண்டு இரவில் எழுதிக் கொடுத்தான். மிசன் பள்ளிக்கூடத்தில் ஆட்குறைப்பு வரும்வரை ஆறு வருடம் வாத்தியாராக இருந்தவன். எழுதியதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

முருகேசு வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். ஜெபரட்ணம் மயில் படம் பொறித்த தோல் பையைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்தான்.

"வணக்கம், முதலாளி."

"வாரும் மாஸ்டர், வாரும். நேற்றே வருவீர் எண்டெல்லோ பாத்துக்கொண்டிருந்தனான்."

ஜெபரட்ணம் பையைத் திறக்கக் குனிந்தவன் நிமிர்ந்தான். சப்பாத்தும் பையுமாக வரும் எவரையும் கடைக்காரர்கள் 'மாஸ்டர்' என்பார்கள்தான், ஆனால் இந்தக் கடைக்கு அவன் முன்பு ஒரு தடவையும் வந்ததில்லை.

"என்னைத் தெரியுமோ முதலாளிக்கு?"

"உம்மை ஆருக்குத் தெரியும்? மயில் மருந்தைத்தான் தெரியும். நேற்று விடிய, கதவுப் பலகை ரெண்டுகூடக் கழட்டேல்லை, ஒரு மனிசி வந்து நிக்கிறா. மயில் படம் போட்ட காய்ச்சல் மருந்து இருக்கோ எண்டு. எனக்கு இல்லையெண்டு சொல்லவும் ஏலாது. முதல் வியாபாரம். நாளைக்கு வரும் பிள்ளை எண்டன். பேந்து முழு நாளும் என்ன வித்தன் எண்டு கேளும். ஒரு கொத்து உப்பு." முருகேசு வெளியே எட்டித் துப்பினார். "உந்த விசயம் மாஸ்டர்மாருக்கு விளங்காது. ரெண்டு டசின் எழுதும்."

போத்தலை வெளியே எடுக்கவே இல்லை. முதலாளியின் கையில் அதைக் கொடுத்துப் பிடிக்க வைக்கவில்லை. வேண்டுமா என்று கேட்காமல் ஒரு டசினோ இரண்டு டசினோ என்று கேட்கவும் இல்லை. ஜெபரட்ணம் ஓடர்ப் புத்தகத்தில் எழுதினான்.

கொடிகாமத்துக்கு அவன் யாரையும் அனுப்பவில்லை.

*

அறிவுரைப் பக்கங்களில் இல்லாத ஒன்றை ஜெபரட்ணம் தானாகவே கண்டுபிடித்திருந்தான். கடை வாசல்களில் காத்து நின்ற முதல் மாதத்தில் கண்டது அது. விடிய வரும் முதல் ஆளிடம் எந்தக் கடைக்காரரும் "இல்லை" என்று சொல்வதில்லை. சீனி முடிந்திருந்தால் பனங்கட்டியைக் கையில் திணிப்பார்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் நாளைக்கு வரும் என்பார்கள். 'இல்லை' என்ற சொல் வாயில் வந்தால் அன்று முழுக்க அதுதான் என்பது அவர்கள் எண்ணம். அப்படியானால், விடிய ஒருத்தி வந்து மயில் மருந்தைக் கேட்டுவிட்டுப் போகட்டும். அடுத்த நாள் அவன் போகட்டும்.

சாவகச்சேரி ஆசுப்பத்திரி மதிலுக்குப் பின்னால், கிடுகு பின்னி விற்றுச் சீவிக்கும் நாகமுத்துவை அப்படித்தான் பிடித்தான். புருசன் இல்லாதவள். ஐந்து வயதில் ஒரு பெண் பிள்ளை. கிடுகுக் கட்டோடு ஊர் ஊராக நடந்து பழகிய கால்கள். சொல்ல வேண்டியதை அவன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பதுபோல் மூன்று தரம் சொல்லிக் கொடுத்தான். மயில் படம் போட்ட காய்ச்சல் மருந்து இருக்கோ. பிள்ளைக்குக் காய்ச்சல். ஆசுப்பத்திரித் தண்ணிக்கு நிக்கேல்லை. மயில் மருந்துக்குத்தான் நிக்குமாம்.

"என்ரை பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, ஐயா," என்றாள் நாகமுத்து.

"தெரியும். சும்மா சொல்லுறதுதானே."

"இல்லாத வருத்தத்தைப் பிள்ளையின்ரை தலையிலை வைச்சுச் சொல்லப்பிடாது. எனக்குத் தலையிடி எண்டு சொல்லட்டோ?"

"தலையிடிக்கு ஆரெணை காய்ச்சல் மருந்து கேக்கிறது?"

அவள் வாயைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாள். கடைக்குப் பத்துச் சதம் என்றிருந்ததை அவன் பதினைந்தாக்கினான். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, திண்ணையற்ற அந்தக் குடிசையின் வாசல் மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு, சரி என்றாள்.

மீசாலை, மட்டுவில், கைதடி, நாவற்குழி என்று அவள் நடந்தாள். ஒரு நாள் பின்னால் அவன் போனான். முதல் மாதத்தில் ஏழு டசின் விற்றவன், இரண்டாம் மாதத்தில் பத்தொன்பது டசின் விற்றான். ஒவ்வொரு சுற்றும் முடியும் இடத்தில் இருக்கும் ரயில் ஸ்ரேசனில் அவள் காத்திருப்பாள். அவன் வந்து கணக்குத் தீர்ப்பான். கிழக்கே போகும் சுற்றுக்கான கடைகளையும், தான் போகும் நாட்களையும் வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள், கடைசியாகப் பளை.

அதற்கிடையில் சாவகச்சேரிச் சந்தையில் இரண்டு கடைக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டே கதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். "உவளின்ரை பிள்ளைக்கு எத்தினை ஊரிலையடா காய்ச்சல்?" என்று ஒருவர் சிரித்தது ஜெபரட்ணத்தின் காதில் விழுந்தது. அன்றைக்கே போய் அவளை நிறுத்தினான். தேவையென்றால் சொல்லி அனுப்புகிறேன் என்றான். அது நடந்து பதினாறு நாள்.

இன்று செவ்வாய். இன்னும் அவனுக்கு நான்கு நாள் இருந்தது. மூன்று மாதப் பரீட்சைக் காலம் சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் இந்த மாதத்து நாற்பது டசின் நிறைந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் தோல் பையையும் சைக்கிளையும் கிட்டங்கியில் ஒப்படைக்க வேண்டும். சைக்கிளும் கம்பெனியுடையது. மானிப்பாயில், மாமனார் வீட்டின் பின் அறையில், அவன் மனைவி ஐரிஸ் ஏழு மாதக் கர்ப்பிணி. சாப்பாட்டு மேசையில் மாமனார் அவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. முன்பு கேட்டுக்கொண்டிருந்தவர்.

அன்று காலை ஓடர்ப் புத்தகத்தில் இருபத்திரண்டு டசின் இருந்தது. முருகேசுவோடு இருபத்து நாலு.

*

மிருசுவில் கடைக்காரர் மூன்று டசின் எடுத்தார். அவரும் பேச்சை அவனுக்கு முன்பே தொடங்கினார். நேற்று மத்தியானம் வந்தாளாம். பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாளாம்.

"பிள்ளையையோ?"

"ஓம். ஒரு பழைய வேட்டித் துணியாலை சுத்தி. காய்ச்சலெண்டால் காய்ச்சல்தான், கிட்ட நிக்க எனக்கு வெக்கை அடிச்சது. நீங்கள் பொய் சொல்லி விக்கிற ஆக்கள் எண்டு நினைச்சனான். பிழைதான்."

கையெழுத்து வாங்கும்போது பேசக் கூடாது என்பது ஒன்பதாம் பக்கம். பேசவில்லை. வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்த்தான். இரண்டு பக்கமும் பனை. காற்று இல்லை, ஆனால் உச்சி ஓலைகள் மட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. கிழக்கே போகும் மணல் ஓரத்தில் வெறுங்காலின் தடம் ஒன்று போயிற்று. ஆயிரம் பேர் நடக்கிற வீதி. அது யாருடைய காலாகவும் இருக்கலாம்.

அவள் மயில் மருந்தை ஏன் ஊர் ஊராகத் தேட வேண்டும்? சாவகச்சேரியிலேயே ஆறு கடையில் அவன் விற்ற போத்தல்கள் இருக்கின்றன. ஒரு போத்தல் எழுபத்தைந்து சதம் என்பது நினைவுக்கு வந்தது. அந்த ஆறு கடைக்காரரும் அவளைக் கண்டால் சிரிப்பார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை மத்தியானம் எழுதுமட்டுவாளில் ஏரம்புவின் கடையை அடைந்தான். ஏரம்பு பகிடிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அன்று அவர் பகிடி விடவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, அவனைத் தாண்டி வீதியைப் பார்த்துக் கதைத்தார்.

"அந்த மனிசி உமக்கு ஆர், மாஸ்டர்?"

"எந்த மனிசி?"

"நேற்று விடிய வந்தவ. ஒரு சேதி சொல்லிவிட்டவ. சப்பாத்துப் போட்ட ஐயா ஒருத்தர் சைக்கிளிலை வருவார், சொல்லுங்கோ எண்டு. 'நான் என்ரை வேலையைச் செய்துபோட்டன். பளை ஸ்ரேசனிலை நிப்பன். இந்தமுறை காசு வேண்டாம், ஒரு போத்தல் தரச் சொல்லுங்கோ.' இதுதான் சேதி. என்ன வேலை அது?"

"தெரியேல்லை, முதலாளி," என்றான் ஜெபரட்ணம்.

ஏரம்பு துடைத்த தட்டைத் தராசில் மாட்டினார்.

"பிள்ளை என்னண்டு இருந்தது?" என்று ஜெபரட்ணம் கேட்டான்.

"கண் பாதி திறந்திருந்தது. பாக்கேல்லை, திறந்திருந்தது, அவ்வளவுதான். நான் சொன்னன், எணை, இதென்ன விசர் வேலை, திரும்பிச் சாவகச்சேரி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடு, அங்கை கொயினா மருந்து சும்மா குடுக்கிறாங்கள் எண்டு. அதுக்கு அவ என்ன சொல்லுறா? ஆசுப்பத்திரித் தண்ணிக்கு நிக்கேல்லையாம். மயில் மருந்துக்குத்தான் நிக்குமாம். குடுத்துப் பாத்தனியோ எண்டால், ஆசுப்பத்திரிக்குப் போகவேயில்லையாம். ஒரே மாதிரி, ஒரே குரலிலை, மூண்டு தரம் சொன்னா. மந்திரம் மாதிரி. எனக்கு மயிர் கூச்செறிஞ்சிட்டுது."

ஜெபரட்ணத்தின் பையில் இரண்டு போத்தல் இருந்தன. அதற்குள் என்ன இருக்கிறது என்று கிட்டங்கிக் கிளாக்கர் ஒருநாள் சொல்லியிருந்தார். வேப்பம்பட்டைக் கசாயம், சீனி, சிவப்புச் சாயம். கொயினா பேருக்கு. ஆளைக் கொல்லாது, காப்பாற்றாது, என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் அந்தக் கிளாக்கர்.

பளை இன்னும் ஆறு மைல். உடனே மிதித்தால் ஒரு மணித்தியாலம். அவளைக் கண்டு, பிள்ளையை வாங்கி, பின்னேர ரயிலில் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய்விடலாம். இந்த எண்ணம் அவனுக்கு வந்தது. தெளிவாகவே வந்தது.

"எனக்கு எத்தினை எழுதப் போறீர்?" என்றார் ஏரம்பு.

"முதலாளி சொல்லுங்கோ."

"நான் தனியச் சொல்லேலாது. முகமாலையிலை என்ரை மச்சானுக்கும் கடை இருக்கு. ரெண்டு கடைக்கும் சேத்து எடுத்தால் என்ன விலைக்குத் தருவீர்? அவன் பொழுதுபடத்தான் வருவான். நில்லும். சாப்பிட்டிட்டு நில்லும்."

இரண்டு கடைக்கும் சேர்த்தால் ஆறு டசினாவது வரும். ஓடர் எழுதாமல் கடையை விட்டு எழும்பினால் அந்த ஓடர் வேறொருவனுடையது. அது ஐந்தாம் பக்கம். ஜெபரட்ணம் வாசலில் கிடந்த மர வாங்கிலில் உட்கார்ந்தான். கடைக்குப் பின்னால் எங்கோ ஒரு கிணற்றுத் துலா ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஏரம்பு கொடுத்த சோற்றை உண்டான். மச்சான் விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார். பேசிப் பேசி விலையில் கால் பங்கைக் குறைக்கப் பார்த்தார். குறை சொல்லும் முதலாளியை மறிக்கக் கூடாது, சொல்லி முடித்தவன் பாதி வாங்கிவிட்டவன். மறிக்காமல் கேட்டான். அவர்கள் ஆறு டசின் எடுத்தார்கள். மொத்தம் முப்பத்து மூன்று.

வெளியே இருட்டிவிட்டது. சைக்கிளில் விளக்கு இல்லை. ஏரம்புவின் கடையில் பாயைப் போட்டுப் படுத்தான்.

*

பளையில் பொன்னம்பலத்தின் கடை ஸ்ரேசனுக்குப் போகும் ஒழுங்கையின் முனையில் இருந்தது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே அங்கே ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். ஆட்கள் போகும்வரை வெளியே நிற்போம் என்று ஜெபரட்ணம் சைக்கிளை நிறுத்தினான். அந்தப் பெண்கள் அவனுடைய பையைப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளின் முழங்கையைத் தொட்டாள்.

"மயில் மருந்து இவர்தானோ?"

பொன்னம்பலம் உள்ளேயிருந்து எழும்பி வந்தார். மெலிந்த, நரைத்த மனிதர். தோளில் துண்டு இல்லை, கண் சிவந்திருந்தது.

"உள்ளுக்கு வாரும்," என்றார். வெற்றிலைத் தட்டை நீட்டவில்லை. "நீர் ரெண்டு நாள் முந்தி வந்திருக்கப்பிடாதோ?"

ஜெபரட்ணம் பையைக் கீழே வைத்தான்.

"செவ்வாய் பின்னேரம் நடந்து வந்து சேந்தவ. ஸ்ரேசன் வாங்கிலிலை இருந்தா. பிள்ளைக்கு அப்பவே வலிப்பு. எங்கடை ஆக்கள் பரியாரியைக் கூப்பிட ஓடினவை. பரியாரி வர முந்தி முடிஞ்சுது." பொன்னம்பலம் கடைப் பலகையில் விரலால் எதையோ தேய்த்தார். "நேற்றுக் காலமை தாட்டது. இஞ்சை, உப்பளப் பக்கம் போற பாதையிலை. நான்தான் மண்வெட்டி குடுத்தனான். என்ரை மனிசி சோறு குடுத்தா, வேண்டாம் எண்டிட்டா. அழவுமில்லை."

"இப்ப எங்கை அவ?"

"கேளும். இண்டைக்கு விடிய நான் கதவைத் திறக்கிறன். இன்னும் விளக்குக் கொளுத்தேல்லை. படியிலை நிக்கிறா. அந்தத் துணி அப்பிடியே தோளிலை, பிள்ளை கிடந்த மாதிரியே, கையாலை அணைச்சபடி. மயில் படம் போட்ட காய்ச்சல் மருந்து இருக்கோ எண்டு கேக்கிறா. பிள்ளைக்குக் காய்ச்சலாம்."

வாசலில் நின்ற பெண்கள் படியில் ஏறி நின்றார்கள்.

"நான் தாட்ட பிள்ளை, மாஸ்டர். என்ரை கையாலை மண் போட்டது. எனக்கு அவவிட்டை இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை. முதல் வியாபாரம் எண்டதுக்காக இல்லை. வேறை. என்னவோ. நாளைக்கு வரும் பிள்ளை எண்டன். தலையை ஆட்டிப்போட்டு இறங்கிப் போனா."

"சாவகச்சேரிப் பக்கமோ?"

பொன்னம்பலம் தெற்கே கையைக் காட்டினார்.

பெண்களில் ஒருத்தி முன்னுக்கு வந்தாள். "தம்பி, எங்கடை வளவிலையும் ரெண்டு பிள்ளைக்குக் காய்ச்சல். அந்த மனிசிக்கு நேரத்துக்குக் கிடைக்கேல்லை, அதாலைதானே இப்பிடி. உங்களிட்டை இப்ப கையிலை இருக்கோ?"

அவன் பொன்னம்பலத்தைப் பார்த்தான். பொன்னம்பலம் அவனைப் பார்த்தார். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ என்ற சொல் ஜெபரட்ணத்தின் நாவின் அடியில் கிடந்தது. அதை எடுப்பதற்குள் பொன்னம்பலம் சொன்னார்:

"எட்டு டசின் எழுதும். இண்டைக்கே தந்தி அடியும். இந்தச் சனத்துக்கு நான் நாளைக்கு எண்டு சொல்லேலாது."

ஓடர்ப் புத்தகம் எப்படிக் கைக்கு வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. எட்டு டசின் என்று எழுதியிருந்தது. அவனுடைய எழுத்துத்தான், வாத்தியாரின் அழகான எழுத்து. நாற்பத்தொன்று. பையில் இருந்த இரண்டு போத்தலையும் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தான். அவள் மடியிலிருந்து காசை எடுத்தபோது, வேண்டாம் என்றான். கம்பெனி இனாமாகத் தருகிறது என்று பொன்னம்பலம் மற்றவர்களுக்கு விளக்கினார்.

ஸ்ரேசன் வாங்கில் வெறுமையாக இருந்தது. அவன் தண்டவாளத்தின் ஓரமாகச் சிறிது தூரம் நடந்து போய்ப் பார்த்தான். பனைகள் முடியும் இடத்தில் வெளி தொடங்கியது. ஆனையிறவுப் பக்கம் வெயில் தண்ணீர்போல் அசைந்தது. அதற்குள் ஒரு கறுப்புக் கோடு நின்றது. ஒரு மனிதர் அளவு. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். பட்ட மரம் என்று நினைத்தான். கையடித்துக் கூப்பிட்டான். அது அசையவில்லை. பிறகு அசைந்ததுபோலும் இருந்தது. பின்னால், ஸ்ரேசனில் நின்ற யாழ்ப்பாண ரயில் கூவியது. சனிக்கிழமைக்கு முன் ஓடர்கள் கிட்டங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். அவன் திரும்பி ஓடி, சைக்கிளைச் சாமான் ஏற்றும் பிரேக் வண்டியில் ஏற்றினான்.

*

வேலை நிரந்தரமாகிப் பத்து நாள் கழிந்தது. ஐரிஸ் சுவரில் மாட்டச் சொல்லிக் கேட்ட வேலைக் கடிதத்தை மாமனார் தாமே சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். பளையிலிருந்து திரும்பவும் பத்து டசினுக்கு ஓடர் வந்தது. கடிதத்தில் பொன்னம்பலம் வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

ஒரு காலை ஹெக்டர் அவனை உள்ளே அழைத்தார். மேசைக்குப் பின்னால், சுவரில், வடமாகாணப் படம் ஒன்று புதிதாகத் தொங்கியது. மயில் மருந்து வைத்திருக்கும் கடை ஒவ்வொன்றுக்கும் சிவப்புத் தலை ஊசி ஒன்று குத்தியிருந்தார். மேசையில் தபாலட்டைகள் பரவிக் கிடந்தன.

"ஆனையிறவு," என்று ஹெக்டர் ஓர் அட்டையைத் தூக்கினார். "பரந்தன். கிளிநொச்சியிலை ரெண்டு கடை. இது இண்டைக்கு வந்தது, முறிகண்டி. அங்கை கடை இருக்கெண்டே எனக்குத் தெரியாது. எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறாங்கள். விடிய ஒரு மனிசி வந்து கேட்டவ, உடனை அனுப்பவும். ஆரை வேலைக்கு வைச்சிருக்கிறீர், ஐசே?"

"ஒருத்தரையும் இல்லை, சேர்."

"சரி, சரி. தொழில் இரகசியம். நான் கேக்கேல்லை." அவர் சந்தோசமாக இருந்தார். "சம்பளம் ஆர் குடுக்கிறது? நீரோ?"

"ஒருத்தரும் குடுக்கேல்லை, சேர்."

ஹெக்டர் அட்டகாசமாகச் சிரித்தார். பிறகு பெட்டியிலிருந்து ஓர் ஊசியை எடுத்து முறிகண்டியில் குத்தினார். ஊசிகள் கொடிகாமத்தில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வீதியால் தெற்கே இறங்கியிருந்தன. ஆனையிறவுக்கும் பரந்தனுக்கும் நடுவே ஒரு நாள் நடை. பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் அரை நாள். அதற்குக் கீழே படத்தில் ஊர்ப் பெயர்கள் குறைந்து, பச்சை நிறம் பெருகியது.

"அடுத்த கடை எங்கை வரும்?"

"மாங்குளம், சேர். நடுவிலை காடு."

"எத்தினை மைல்?"

ஜெபரட்ணம் சொன்னான். ஹெக்டர் விரலால் அந்தப் பச்சையை அளந்து பார்த்தார். இன்னோர் ஊசியை எடுத்து, பெட்டியை மூடினார்.

"ரெண்டு நாள்," என்றார். "புதன்கிழமைத் தபாலிலை பாப்பம்."

அந்த ஊசியைப் படத்தின் ஓரத்தில், வெற்றுச் சட்டத்தில், தயாராகக் குத்தி வைத்தார்.